கழுத்தில் ஒரு கட்டி: கத்திக்கு முன் ஒரு கணக்கு

காலை ஏழு மணிக்கே ஸ்கேன் சென்டர் வாசலில் செருப்புகள் நிறைந்துவிடுகின்றன. மாஸ்டர் ஹெல்த் செக்கப்புக்கு வந்தவர்கள் வெறும் வயிற்றோடு, கையில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே அரையிருட்டு அறை. ஐம்பதைத் தொட்ட ஒரு பெண்மணி தோளுக்கடியில் தலையணை வைத்து, கழுத்தை அண்ணாந்து படுத்திருக்கிறார். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாமல் ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்திருக்கிறார். ஜெல் சில்லென்று படுகிறது. "எச்சில் முழுங்காதீங்கம்மா, ஒரு நிமிஷம்." சாம்பல் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்த படத்தில் கறுத்த வட்டம் ஒன்று நிற்கிறது. அதன் இரு ஓரங்களிலும் குறி விழுகிறது: 11 மில்லிமீட்டர்.

சாயங்காலம் ரிப்போர்ட் வருகிறது. 'தைராய்டு வலது மடலில் கட்டி, டைராட்ஸ் 4.' அவருக்குக் கழுத்தில் வலி கிடையாது, வீக்கம் கிடையாது, குரல் மாறவில்லை. வந்ததே சர்க்கரையும் கொழுப்பும் பார்க்கத்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் மகன் இணையத்தில் தேடி முடித்துவிடுவான். நாத்தனார் போன் செய்து, "எடுத்துப் போட்டுடுங்க அண்ணி, நிம்மதியா இருக்கலாம்" என்பார். 'கேன்சரா?' என்று யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். ஆனாலும் வீட்டில் அன்று யாருக்கும் தூக்கம் வராது.

எந்த ஊரிலும் எந்த நாளும் பார்க்கக்கூடிய பெண்மணி இவர். இவர் முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்தக் கட்டி புற்றுநோயாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? அந்த வாய்ப்புக்கு ஆபரேஷன் தகுமா? குடும்பம் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறது. சில நேரம் மருத்துவமனைகளும்தான். அப்படிக் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை ஒரு நாடே பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறது.

சியோலில் என்ன நடந்தது?

1999-ல் தென்கொரிய அரசு புற்றுநோய்களை முன்கூட்டியே கண்டறியும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. அந்தப் பட்டியலில் தைராய்டு இல்லை. ஆனால், 'வந்ததுதான் வந்தீர்கள், கழுத்தையும் ஒரு ஸ்கேன் பார்த்துவிடலாமே' என்று மருத்துவமனைகள் கூடுதலாக 30 முதல் 50 டாலர் வரை வாங்கிக்கொண்டு தைராய்டு ஸ்கேனைச் சேர்த்தன. யாருக்கும் அதில் தவறு தெரியவில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்லதுதானே!

2011-ல் அந்த நாட்டில் தைராய்டு புற்றுநோய் 1993-ல் இருந்ததைப் போல 15 மடங்கு ஆகியிருந்தது. ஒரே வருடத்தில் 40,000 பேருக்கு மேல் புதிதாகக் கண்டுபிடித்தார்கள். அந்த நாட்டின் நம்பர் ஒன் புற்றுநோய் அதுதான் என்று ஆனது. ஆனால், அந்த நோயால் இறந்தவர்களின் எண்ணிக்கை அசையவே இல்லை. வருடத்துக்கு 300 முதல் 400 பேர் என்ற அளவிலேயே நின்றது. நோய் உண்மையிலேயே 15 மடங்கு பெருகியிருந்தால் சாவும் ஏறியிருக்க வேண்டும். ஆரம்பத்திலேயே பிடித்ததால் உயிர்கள் தப்பியிருந்தால் சாவு குறைந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. யாருக்கும் எந்தத் தொல்லையும் தராமல் கழுத்துக்குள் கிடந்திருக்கக்கூடிய சின்னக் கட்டிகளைத்தான் அவர்கள் தேடித் தேடி எடுத்திருந்தார்கள்.

கண்டுபிடிக்கப்பட்ட ஏறக்குறைய எல்லோருக்கும் ஆபரேஷன் நடந்தது. மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குத் தைராய்டை முழுவதுமாக எடுத்தார்கள். ஆபரேஷன் செய்துகொண்ட 15,000-க்கும் மேற்பட்டவர்களின் காப்பீட்டுக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தபோது, 11 சதவிகிதம் பேருக்குப் பாராதைராய்டு சுரப்பிகள் செயலிழந்திருந்தன. 2 சதவிகிதம் பேருக்குக் குரல் நாண் வாதம்.

இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தைராய்டின் முதுகில் ஒட்டிக்கொண்டு நான்கு சின்னஞ்சிறு சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் கால்சியத்தைச் சமன்செய்வது அவற்றின் வேலை. அவை போய்விட்டால் விரல் நுனிகளும் உதட்டோரமும் மரத்துக் கூச்சமெடுக்கும், தசை இழுத்துக்கொள்ளும்; தினமும் கால்சியமும் வைட்டமின் டி-யும் விழுங்க வேண்டும், பலருக்கு ஆயுள் முழுக்க. தைராய்டை ஒட்டியே குரல் நாணுக்குப் போகும் நரம்புகளும் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று அடிபட்டால் குரல் கரகரக்கும், தண்ணீர் குடித்தால் புரையேறும். பாடகருக்கும் டீச்சருக்கும் கண்டக்டருக்கும் தெருவில் கூவி விற்பவருக்கும் அது பிழைப்பு சம்பந்தப்பட்ட சமாச்சாரம். முழுத் தைராய்டும் போனால் காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை கட்டாயம். இவ்வளவும், கட்டி இருப்பதே தெரியாமல் வாழ்நாளை முடித்திருக்கக்கூடிய ஒருவருக்கு.

2014-ல் கொரிய மருத்துவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து, அறிகுறி இல்லாதவர்களுக்குத் தைராய்டு ஸ்கேன் வேண்டாம் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் அதைக் கையில் எடுத்தன. ஒரே வருடத்தில் ஆபரேஷன்களின் எண்ணிக்கை சுமார் 35 சதவிகிதம் சரிந்தது. எந்த மருந்துக்கும் கிடைக்காத வெற்றி!

அமெரிக்காவின் நோய்த்தடுப்புச் சேவைகள் குழு 2017-ல், அறிகுறி எதுவும் இல்லாத பெரியவர்களுக்குத் தைராய்டு புற்றுநோய் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டாம் எனத் தெளிவாகவே பரிந்துரைத்தது. நம்மூர் ஹெல்த் செக்கப் விளம்பரப் பலகைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

■ பெட்டிச் செய்தி: எத்தனை பேருக்கு இருக்கிறது?

பெரியவர்களில் 100 பேரின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தால் 4 முதல் 7 பேருக்குத் தைராய்டு கட்டி கைக்குத் தட்டுப்படும்.

அதே 100 பேருக்கு ஸ்கேன் எடுத்தால் குறைந்தது 19 பேருக்கு, வயதைப் பொறுத்து 68 பேருக்குக்கூட, ஏதாவது ஒரு கட்டி தென்படும்.

அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதல்படி, கட்டிகளில் புற்றுநோயாக இருப்பவை 7 முதல் 15 சதவிகிதம்.

பின்லாந்தில் வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்து, 1985-ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் (35.6 சதவிகிதம்) பாப்பில்லரி வகைப் புற்றுநோய் நுண்ணிய அளவில் இருந்தது. அது இருந்ததே அவர்களுக்குத் தெரியாது.

முதலில் பேச்சு, பிறகு ரத்தம்

நல்ல மருத்துவர் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிரிப்பதற்கு முன் உங்களைப் பார்ப்பார். சின்ன வயதில் தலையிலோ கழுத்திலோ கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தீர்களா? குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் உண்டா? கட்டி சில வாரங்களில் விறுவிறுவென்று வளர்ந்ததா? குரல் மாறியதா? கை வைத்துப் பார்க்கும்போது கல்லைப் போல் கெட்டியாக, அசையாமல் இருக்கிறதா? பக்கவாட்டில் நெறி கட்டியிருக்கிறதா? இதில் ஒவ்வொரு 'ஆம்' என்ற பதிலும் சந்தேகத்தைக் கூட்டும். 1986-ல் செர்னோபில் அணுஉலை வெடித்தபோது கதிரியக்க அயோடின் கலந்த பாலைக் குடித்த குழந்தைகளிடம் சில வருடங்களிலேயே தைராய்டு புற்றுநோய் பெருகியது. இளம் சுரப்பி கதிர்வீச்சுக்கு அவ்வளவு சீக்கிரம் இடம் கொடுத்துவிடும்.

வயதும் பாலினமும் கணக்கில் வரும். பெண்களுக்குக் கட்டி அதிகம் வருகிறது; ஆனால், கட்டி வந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு ஆண்களுக்குச் சற்று அதிகம். குழந்தைகளுக்கு வரும் கட்டியை ஒருபோதும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது: நான்கில் ஒன்று வரை புற்றுநோயாக இருக்கிறது.

அடுத்து, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை. அது குறைவாக இருந்தால், கட்டியே ஹார்மோனை அளவுமீறிச் சுரக்கிறதோ என்று பார்க்க அணுக்கதிர் ஸ்கேன் செய்வார்கள். அப்படிச் சுரக்கும் 'சூடான' கட்டிகள் புற்றுநோயாக இருப்பது அபூர்வம். ஊசியால் செல் எடுத்துப் பார்க்க வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. ஆனால், 'தைராய்டு டெஸ்ட் நார்மல்' என்று ரிப்போர்ட் வந்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள் பாருங்கள், அதில் அர்த்தமில்லை. தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு டி.எஸ்.எச். நார்மலாகவே இருக்கும். தைரோகுளோபுலின் பரிசோதனை ஆபரேஷனுக்குப் பிறகு கண்காணிக்க உதவும். ஆபரேஷனுக்கு முன் கட்டி நல்லதா கெட்டதா என்று சொல்ல அதனால் முடியாது. அதற்கும் பணம் வாங்கும் பேக்கேஜ்கள் உண்டு.

திரையில் தெரிவது என்ன?

ஸ்கேனில் கட்டியின் அளவுதான் எல்லோர் கண்ணிலும் முதலில் படுகிறது. 'ஒன்றரை சென்டிமீட்டராம், நாலு சென்டிமீட்டராம்' என்று அதைத்தான் பேசுகிறார்கள். அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் அளவைக் கடைசியில்தான் பார்க்கிறார். நாலு சென்டிமீட்டர் கட்டி நீர்கோத்த சாதுவாக இருக்கலாம். 8 மில்லிமீட்டர் கட்டி விளிம்பு கிழிந்து சந்தேகத்தைக் கிளப்பலாம். கட்டிக்குள் நீரா, திடமா? கறுப்பாகத் தெரிகிறதா, வெளுப்பாகவா? விளிம்பு சீராக இருக்கிறதா? உள்ளே பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளிகள் மினுங்குகின்றனவா? எல்லாவற்றையும் விட முக்கியமாக, குறுக்குவெட்டில் பார்க்கும்போது கட்டி அகலத்தைவிட உயரமாக நிற்கிறதா? சாதுவான கட்டி திசுக்களின் போக்கிலேயே படுத்து வளரும். தடுப்புகளை மீறிச் செங்குத்தாக வளரும் கட்டிதான் கவலைக்குரியது.

இந்த அடையாளங்களுக்கு மதிப்பெண் போடும் முறைதான் டைராட்ஸ். சிலி நாட்டில் 2009-ல் முதல் வடிவம் பிறந்தது. இன்று ஐரோப்பாவுக்கு ஒன்று, கொரியாவுக்கு ஒன்று, அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2017-ல் வெளியிட்ட ஒன்று எனப் பல இருக்கின்றன. ஒரு முறையில் 4 என்று வருவது இன்னொன்றில் அதே பொருளில் இருக்க வேண்டியதில்லை. ரிப்போர்ட்டில் எந்த முறை என்று குறிப்பிடாமல் 'டைராட்ஸ் 4' என்று மட்டும் அடித்திருந்தால், அதை அரைகுறை ரிப்போர்ட் என்றுதான் சொல்ல வேண்டும்.

■ பெட்டிச் செய்தி: 2017 அமெரிக்க டைராட்ஸ் எப்படிக் கூட்டுகிறது?

உள்ளடக்கம்: முழுக்க நீர் அல்லது பஞ்சுபோல் துளைகள் 0, கலவை 1, திடம் 2.

நிறம்: வெளுப்பு அல்லது சுற்றுப்புறத் தைராய்டின் நிறம் 1, கறுப்பு 2, மிகவும் கறுப்பு 3.

வடிவம்: அகலம் அதிகமானால் 0, உயரம் அதிகமானால் 3.

விளிம்பு: சீர் 0, ஒழுங்கற்றது 2, தைராய்டைத் தாண்டி வெளியே பரவியது 3.

வெள்ளைப் புள்ளிகள்: இல்லை 0, பெரிய சுண்ணாம்புப் படிவு 1, ஓரத்தில் வளையம் 2, பொடிப் புள்ளிகள் 3.

கூட்டினால் 3 வந்தால் டைராட்ஸ் 3; 4 முதல் 6 வரை டைராட்ஸ் 4; 7 அல்லது அதற்கு மேல் டைராட்ஸ் 5. ஊசிப் பரிசோதனை: மூன்றாம் வகைக்கு 2.5 செ.மீ., நான்காம் வகைக்கு 1.5 செ.மீ., ஐந்தாம் வகைக்கு 1 செ.மீ. அளவு வந்தால்.

முதலில் பார்த்த பெண்மணிக்கு இதை வைத்துக் கணக்குப் போடுங்கள். திடமான கட்டி 2, கறுப்பு 2, மொத்தம் 4. டைராட்ஸ் 4, அளவு 11 மில்லிமீட்டர். இந்த முறைப்படி அவருக்கு ஊசியே தேவையில்லை. ஒரு சென்டிமீட்டரைத் தாண்டியிருப்பதால் குறித்த இடைவெளியில் திரும்ப ஸ்கேன் பார்த்தால் போதும். நான்காம் வகையில் புற்றுநோய் வாய்ப்பு 5 முதல் 20 சதவிகிதம் என்று அந்த முறையே சொல்கிறது. அதாவது 100 பேரில் 80-க்குக் குறையாதவர்களுக்கு அது வெறும் கட்டி. '4' என்ற எண்ணைப் பார்த்ததும் 'நான்காம் ஸ்டேஜ்' என்று எண்ணி அழுபவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். ரிப்போர்ட் கவுன்ட்டரில் ஒருவர் இரண்டு வார்த்தை சொன்னால் அந்த அழுகை மிச்சம்.

இன்னொரு எச்சரிக்கை. வேறு ஏதோ நோய்க்காக எடுத்த பெட் ஸ்கேனில் தைராய்டில் ஒரே ஒரு புள்ளி மட்டும் ஒளிர்ந்தால், அதை ஒதுக்கிவிடக் கூடாது. அப்படிப்பட்டவற்றில் மூன்றில் ஒன்று புற்றுநோயாக இருக்கிறது.

ஊசி முனையில்

எஃப்.என்.ஏ.சி. என்ற ஊசிப் பரிசோதனையின் பெயரைக் கேட்டுப் பயப்படுபவர்கள் அந்த ஊசியைப் பார்க்க வேண்டும். ரத்தம் எடுக்கும் ஊசியைவிடப் பெரும்பாலும் மெல்லியது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே கட்டிக்குள் செலுத்தி, முன்னும் பின்னும் அசைத்து, செல்களைக் கண்ணாடித் தகட்டில் பூசுகிறார்கள். கட்டியைக் குத்தினால் கேன்சர் பரவிவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. ஊசி போன பாதையில் செல் ஒட்டிக்கொள்வது மிக மிக அபூர்வம். அந்தப் பயத்தில் ஊசியைத் தவிர்த்துவிட்டு நேராக ஆபரேஷனுக்குப் போவதுதான் நிஜமான ஆபத்து.

செல் போதுமா என்பதற்கும் அளவுகோல் உண்டு: ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 செல்களாவது உள்ள 6 கொத்துகள் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ரிப்போர்ட் 'போதவில்லை' என்று வரும். அதற்கு 'ஒன்றுமில்லை' என்று பொருள் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. திரும்ப ஒருமுறை குத்த வேண்டும்.

2007-ல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெதஸ்டா என்ற இடத்தில் கூடிய வல்லுநர்கள் ஊசி ரிப்போர்ட்டுக்கு ஒரு பொது மொழியை வகுத்தார்கள். அதற்கு முன் ஒவ்வொரு லேபும் தன் பாணியில் எழுதிக்கொண்டிருந்தது. எழுதியவருக்கும் படித்தவருக்கும் இடையில் பொருள் தொலைந்தது. இப்போது ஆறு படிகள்.

■ பெட்டிச் செய்தி: பெதஸ்டா படிகள், 2023 பதிப்பின்படி சராசரி புற்றுநோய் வாய்ப்பு

1. செல் போதவில்லை: 13 சதவிகிதம்
2. சாதாரணம்: 4
3. தீர்மானிக்க முடியாத மாற்றம்: 22
4. ஃபாலிக்குலர் வகைக் கட்டி: 30
5. புற்றுநோய் சந்தேகம்: 74
6. புற்றுநோய்: 97

இரண்டாம் படியில் வந்தவர்கள் பெரும்பாலோர் கண்காணிப்போடு வீட்டுக்குப் போகலாம். ஐந்தும் ஆறும் வந்தால் அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்க வேண்டும். ஆனால், ஸ்கேனும் ஊசியும் ஒன்றையொன்று மறுத்துப் பேசும் நேரங்கள் வரும். ஸ்கேனில் விளிம்பு கிழிந்து, பொடிப் புள்ளிகளோடு, செங்குத்தாக நிற்கும் கட்டிக்கு ஊசியில் 'சாதாரணம்' என்று வந்தால்? ஊசி கட்டியின் தப்பான மூலையைத் தொட்டிருக்கலாம். அப்போது ஒரு வருடத்துக்குள் திரும்ப ஸ்கேனும் ஊசியும் பார்ப்பதுதான் முறை. இரண்டு ரிப்போர்ட்டுகளையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கும் ஒருவர் வேண்டும். ஸ்கேன் ஒரு சென்டர், ஊசி ஒரு லேப், சர்ஜன் மூன்றாவது இடம் என்று ஓடும் குடும்பங்களுக்குக் கிடைக்காமல் போவது அந்த ஒருவர்தான்.

நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்

எல்லா வேதனையும் மூன்றாம், நான்காம் படிகளில்தான். இந்தக் கட்டுரைக்கே காரணம் அந்தப் படிகளில் நிற்பவர்கள்தான்.

ஃபாலிக்குலர் வகையில் ஒரு விசித்திரம் இருக்கிறது. நல்ல கட்டியின் செல்லும் கெட்ட கட்டியின் செல்லும் மைக்ராஸ்கோப்பில் ஒன்றுபோலவே இருக்கும். கட்டியைச் சுற்றியுள்ள உறையைத் துளைத்துக்கொண்டோ, ரத்தக்குழாய்க்குள் புகுந்தோ செல்கள் போயிருந்தால் அது புற்றுநோய், போகாவிட்டால் இல்லை. ஊசியில் வருவது உதிரிச் செல்கள் மட்டுமே. உறை அதில் வராது. வேலியைத் தாண்டியதா என்று, வேலியைப் பார்க்காமல் ஆட்டை மட்டும் பார்த்துச் சொல்லச் சொன்னால் எவரால் முடியும்? ஊசி போட்டவர் திறமையற்றவர் என்று திட்டிப் பயனில்லை. அந்தப் பரிசோதனையின் எல்லையே அதுதான்.

ஆகவே, நோயைத் தெரிந்துகொள்வதற்காகவே ஆபரேஷன் செய்ய வேண்டிய நிலை. மூன்றாம் படியில் நூறு பேருக்குப் பாதித் தைராய்டை எடுத்தால், ஏறக்குறைய 78 பேரிடம், 'நல்ல செய்தி, கேன்சர் இல்லை' என்று டாக்டர் சொல்வார். குடும்பம் சாமிக்குத் தேங்காய் உடைக்கும். ஆனால், அந்த 78 பேரும் கழுத்தில் தழும்போடு வீடு திரும்பியவர்கள். பாதி எடுத்தவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு ஹார்மோன் குறைந்துபோகும்.

இந்த சதவிகிதங்களுக்குள் ஒரு சூட்சுமமும் உண்டு. புற்றுநோயா இல்லையா என்று உறுதியாகத் தெரிவது ஆபரேஷன் செய்தவர்களுக்கு மட்டும்தான். யாருக்கு ஆபரேஷன் செய்கிறார்கள்? கூடுதலாகச் சந்தேகம் இருப்பவர்களுக்கு. ஆகவே, மூன்றாம் படியின் 22 சதவிகிதம் என்பது தேர்ந்தெடுத்த கூட்டத்தின் கணக்கு. ஸ்கேனில் சாதுவாகத் தெரியும் கட்டியோடு மூன்றாம் படியில் வந்தவருக்கு வாய்ப்பு அதைவிடக் குறைவாகவே இருக்கும். லேபுக்கு லேப் இந்த எண் மாறும். 'உங்கள் மருத்துவமனையில் மூன்றாம் படி வந்தவர்களில் எத்தனை பேருக்குக் கடைசியில் புற்றுநோய் இருந்தது?' என்று கேட்க நோயாளிக்கு முழு உரிமை இருக்கிறது. பதில் கையில் வைத்திருக்கும் மருத்துவமனையை நம்பலாம்.

மூன்றாம் படிக்கு முதல் வைத்தியம் மிகச் சாதாரணமானது: சில வாரம் கழித்துத் திரும்ப ஊசி. பலருக்கு இரண்டாம் முறை தெளிவான பதில் வந்துவிடும். அதே கண்ணாடித் தகடுகளைத் தைராய்டு செல்களை அதிகம் பார்த்துப் பழகிய வேறொரு பேதாலஜிஸ்ட்டிடம் காட்டுவதும் பலன் தரும். செலவு பெரிதல்ல. மிச்சமாவது ஒரு ஆபரேஷனாக இருக்கலாம்.

மேலைநாடுகளில் அடுத்த படியாக மரபணுப் பரிசோதனை வந்திருக்கிறது. ஊசியில் எடுத்த அதே செல்களில் மரபணு மாற்றங்களைத் தேடுகிறார்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் குழு உருவாக்கிய தைரோசீக் மூன்றாம் பதிப்பைச் சோதித்த ஆய்வில், அது புற்றுநோய்களில் 94 சதவிகிதத்தைப் பிடித்தது. புற்றுநோய் இல்லாதவற்றில் 82 சதவிகிதத்தைச் சரியாக விலக்கியது. அஃபர்மா என்ற இன்னொன்றும் அங்கே புழக்கத்தில் இருக்கிறது. விலை அங்கேயே சில ஆயிரம் டாலர். பிராஃப் என்ற மரபணுவில் குறிப்பிட்ட மாற்றம் இருந்தால் கிட்டத்தட்ட உறுதியாகப் பாப்பில்லரி புற்றுநோய் எனலாம். ராஸ் மரபணு மாற்றமோ நல்ல கட்டியிலும் இருக்கும், கெட்ட கட்டியிலும் இருக்கும். 'மரபணு டெஸ்ட் பாசிட்டிவ்' என்ற மூன்று வார்த்தைகளை மட்டும் கேட்டு முழுத் தைராய்டையும் எடுக்க ஒப்புக்கொள்வது அவசரம்.

புற்றுநோய் என்று எதை அழைப்பது என்ற கோடும் நகர்ந்திருக்கிறது. உறையைத் தாண்டாத ஒரு பாப்பில்லரி வகையைப் பல வருடமாகப் புற்றுநோய்க் கணக்கில் வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட 109 பேரை 10 முதல் 26 வருடம் வரை பின்தொடர்ந்து பார்த்ததில் ஒருவரும் அதனால் இறக்கவில்லை. யாருக்கும் திரும்ப வரவும் இல்லை. 2016-ல் சர்வதேச நிபுணர் குழு அதன் பெயரிலிருந்து புற்றுநோய் என்ற பகுதியையே நீக்கிவிட்டது. நேற்றுவரை கேன்சர் நோயாளி என்று ஃபைல் வைத்திருந்தவர், ஒரு கட்டுரை வெளியான நாளிலிருந்து அப்படி இல்லை.

■ பெட்டிச் செய்தி: காத்திருக்கக் கூடாதவை

வயதானவர்களுக்குக் கழுத்துக் கட்டி வாரக்கணக்கில் பெருத்து, குரல் கம்மி, மூச்சோ விழுங்குவதோ சிரமமானால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அனாபிளாஸ்டிக் என்ற அபூர்வ வகை நாட்களைக்கூட வீணடிக்க விடாது.

குடும்பத்தில் மெடுலரி வகைப் புற்றுநோய் இருந்தால், ரத்தத்தில் கால்சிட்டோனின் அளவும் ரெட் மரபணுப் பரிசோதனையும் தேவை. இந்த வகை பரம்பரையாக வரக்கூடியது.

கட்டியோடு கழுத்தின் பக்கவாட்டில் நெறி கட்டியிருந்தால் அந்த நெறியிலும் ஊசி எடுத்துப் பார்க்க வேண்டும்.

கோபே நகரின் பொறுமை

கொரியா வெட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், பக்கத்திலேயே ஜப்பான் வேறொன்று செய்துகொண்டிருந்தது. கோபே நகரின் குமா மருத்துவமனையில் அகிரா மியாவுச்சி 1993-ல் ஒரு யோசனை சொன்னார்: ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும், பரவாத பாப்பில்லரி புற்றுநோய்க்கு உடனே ஆபரேஷன் வேண்டாம், ஸ்கேனில் கண்காணித்துக்கொண்டே இருக்கலாம், வளர்ந்தால் அப்போது எடுக்கலாம். சந்தேகம் இருப்பவரை மட்டும் சொல்லவில்லை, ஊசியில் புற்றுநோய் என்று உறுதியானவரைக்கூட! 1995-ல் டோக்கியோவின் புற்றுநோய் மருத்துவமனையும் அதே வழியைத் தொடங்கியது.

2014-ல் குமா மருத்துவமனை 1,235 பேரின் கணக்கை வெளியிட்டது. 10 வருடத்தில் 8 சதவிகிதம் பேருக்குக் கட்டி 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்திருந்தது, 3.8 சதவிகிதம் பேருக்கு நிணநீர் முடிச்சில் நோய் புதிதாகத் தென்பட்டது. தைராய்டு புற்றுநோயால் ஒருவரும் இறக்கவில்லை. வளர்ந்த பிறகு ஆபரேஷன் செய்தவர்களுக்கும் காலம் தாழ்ந்ததால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை.

உடனே ஆபரேஷன் செய்துகொண்ட 974 பேரையும் கண்காணிப்பில் இருந்த 1,179 பேரையும் அங்கேயே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆபரேஷன் செய்தவர்களில் 66 சதவிகிதம் பேர் தைராக்சின் சாப்பிட வேண்டியிருந்தது. காத்திருந்தவர்களில் 21 சதவிகிதம். தற்காலிகக் குரல் நாண் வாதம் 4.1 சதவிகிதத்துக்கு எதிராக 0.6. இத்தனைக்கும் தைராய்டு ஆபரேஷனில் உலகிலேயே கைதேர்ந்த மருத்துவமனைகளில் ஒன்று அது. வருடத்துக்கு நாலைந்து தைராய்டு ஆபரேஷன் செய்யும் ஊரில் இந்த எண்கள் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எல்லோருக்கும் பொருந்தும் வழியும் இல்லை இது. மூச்சுக்குழாயையோ குரல் நரம்பையோ ஒட்டிய கட்டிக்குக் காத்திருப்பு ஆகாது. இளையவர்களுக்குக் கட்டி வளரும் வாய்ப்பு அதிகம்: வாழ்நாளுக்குள் அது முன்னேறும் சாத்தியத்தை 2018-ல் மியாவுச்சி குழு கணித்தபோது, 20 வயதுகளில் உள்ளவர்களுக்கு 48.6 சதவிகிதம், 40-களில் 20.9, 70-களில் வெறும் 3.5 என்று வந்தது. இங்கே வயதானவர்கள்தான் நிதானமாக இருக்கலாம்.

நம் பக்கத்தில்

கேரளாவில் தைராய்டு புற்றுநோய் கணக்கு பல வருடமாக ஏறிக்கொண்டே இருக்கிறது. திருவனந்தபுரம் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2005 முதல் 2014 வரையிலான விவரங்களை ஆராய்ந்து 2017-ல் கட்டுரை எழுதியவர்கள், கொரியாவில் கேட்ட அதே கேள்வியை எழுப்பினார்கள்: நோய் கூடுகிறதா, கண்டுபிடிப்பு கூடுகிறதா? இறப்பு கூடாமல் இருப்பதைக் காட்டி, தேவையற்ற கண்டுபிடிப்பின் பக்கம் அவர்கள் விரல் நீட்டினார்கள். செங்கோட்டை தாண்டினால் தென்காசி. அதே ஸ்கேன் மெஷின்கள், அதே பேக்கேஜ்கள். தமிழ்நாட்டுக்கு வேறு கதை நடக்கக் காரணம் எதுவும் தெரியவில்லை.

நம்மூர்ச் சிக்கலில் இன்னொரு முகமும் உண்டு. இங்கே ஒரு பக்கம் தேவையில்லாமல் ஸ்கேன் எடுப்பவர்கள். இன்னொரு பக்கம், கழுத்தில் எலுமிச்சை அளவுக் கட்டியோடு, 'வலிக்கலையே' என்று ஏழு வருடம் விட்டுவிட்டு வருபவர்கள். வலிக்காததுதான் தைராய்டு புற்றுநோயின் இயல்பே. இரண்டு கூட்டமும் ஒரே வெளிநோயாளிப் பிரிவில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. கைக்குத் தட்டுப்படும் கட்டி இருப்பவருக்கு ஸ்கேன் அவசியம்; தட்டுப்படாதவருக்கு ஸ்கேனைத் தேடிப் போக வேண்டியதில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் நாளமில்லாச் சுரப்பி அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறைகள் இயங்குகின்றன. வாரம் முழுக்க இதே ஆபரேஷனைச் செய்யும் கைகள் இருக்கும் இடத்தைத் தேடிப் போகலாம்.

ஆபரேஷன்தான் என்று முடிவானாலும் பாதியா, முழுதா என்பது தனிக் கேள்வி. 'எதற்கு வம்பு, முழுவதுமாக எடுத்துவிடலாம்' என்று சொல்லும் பழக்கம் பலருக்கு இன்னும் விடவில்லை. 2015-ல் அமெரிக்கத் தைராய்டு சங்கம், 4 சென்டிமீட்டருக்குள் இருக்கும், பரவாத, ஆபத்துக் குறைந்த புற்றுநோய்க்கு ஒரு பக்கம் மட்டும் எடுத்தாலே போதும் என்று வழி திறந்துவிட்டது. மூன்றாம், நான்காம் படிக் கட்டிகளுக்குப் பெரும்பாலும் பாதிதான் சரியான அளவு. மறுபக்கம் இருக்கும் வரை பாராதைராய்டும் குரல் நரம்பும் ஒரு பக்கமாவது தொடப்படாமல் இருக்கும்.

கண்காணிப்பில் இருப்பவர்கள் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. ஸ்கேன் எடுப்பவரின் கைக்குக் கை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறும். 11 மில்லிமீட்டர் அடுத்த வருடம் 12 என்று வந்தால் அது வளர்ச்சி ஆகாது. இரண்டு பக்க அளவாவது 20 சதவிகிதம் கூடி, அந்தக் கூடுதல் 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால்தான், அல்லது மொத்தக் கன அளவு பாதிக்கு மேல் பெருத்தால்தான், வளர்ந்தது என்று கணக்கு. ஆகவே, முடிந்தவரை அதே சென்டரில், அதே ரேடியாலஜிஸ்ட்டிடம் எடுங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. படங்கள் உள்ள ஃபிலிமையோ சி.டி.யையோ கேட்டு வாங்கி, ஊசிப் பரிசோதனையின் கண்ணாடித் தகடுகள் எந்த லேபில் எந்த எண்ணில் இருக்கின்றன என்பதையும் அதே ஃபைலில் எழுதி வையுங்கள். இரண்டாவது கருத்துக் கேட்கப் போகும் இடத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.